பிள்ளை படித்ததற்குத் தகப்பன் பண்ணையாளா?

எங்கள் ஜில்லாவில் ஒரு நூற்பாலை. அதன் சங்கக் கிளைக் கூட்டத்துக்கு இருபது வருஷமாகத் தவறாமல் வரும் தோழர் ஒருவர் உண்டு. ஸ்பின்னிங் பிரிவில் வேலை. வேலை நிறுத்த காலத்தில் கேட் வாசலிலேயே படுத்துக் கிடந்தவர். நிர்வாகத்தின் மிரட்டலுக்கும் போலீஸ் லாரிக்கும் அசையாதவர். அப்படிப்பட்டவர் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை. சந்தாவை மட்டும் வேறொருவரிடம் கொடுத்தனுப்பினார். உடம்புக்கு என்னவோ என்று எண்ணி ஒரு நாள் இரவு அவர் வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் விளக்கு எரியவில்லை. கதவைத் தட்டினேன். பதில் இல்லை. "தோழர், நான்தான்" என்று குரல் கொடுத்த பிறகே கதவு திறந்தது.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணே. பாங்குக்காரங்க வந்துட்டாங்களோன்னு பயந்துட்டோம்" என்றார் அவருடைய மனைவி.

போலீஸ் லாரிக்கு அஞ்சாத மனிதர், மோட்டார் சைக்கிளில் வரும் இரண்டு வசூல்காரர்களுக்கு அஞ்சி, சொந்த வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்! என்ன குற்றம் செய்தார்? யார் பணத்தைத் திருடினார்? தன் மகனை இஞ்சினீயரிங் படிக்க வைத்தார். அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள்

மகன் 2016-ல் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான். நான்கு வருஷத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் கல்விக் கடன். நான்கு லட்சம் வரை ஈடு வேண்டாம், வேறு ஆள் ஜாமீன் வேண்டாம் என்று பாங்கில் சொன்னார்கள். நல்ல காரியம் என்றே எல்லோரும் நினைத்தோம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பத்திரத்தில் மகனோடு தகப்பனும் கையெழுத்திட வேண்டும். தகப்பன் கூட்டுக் கடனாளி.

வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம். வட்டி 11 சதவீதம். படிக்கிற நான்கு வருஷமும் அதற்குப் பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி தூங்குவதில்லை. அந்த ஐந்து வருஷத்தில் வட்டி மட்டும் 1 லட்சத்து 54 ஆயிரம். அதை அசலோடு சேர்த்தால் கடன் 5 லட்சத்து 54 ஆயிரம். இனி வட்டிக்கு வட்டி! பத்து வருஷத்தில் கட்டி முடிப்பதென்றால் மாதத் தவணை சுமார் 7,630 ரூபாய். மொத்தம் சுமார் 9 லட்சத்து 15 ஆயிரம். நான்கு லட்சம் வாங்கியதற்கு ஒன்பது லட்சம்!

குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய சர்க்கார் ஏற்கும் திட்டம் 2009-லிருந்து உண்டு. நம் தோழருக்கு அந்த மானியம் கிடைத்திருக்க வேண்டும். அப்படி ஒன்று இருப்பதாக அவரிடம் யாரும் சொல்லவில்லை. வருமானச் சான்றிதழ் கொடு என்று யாரும் கேட்கவில்லை. கிடைத்திருந்தாலும் மாதத் தவணை 5,500 ரூபாய்க்கு மேல்.

மகன் 2020-ல் படிப்பை முடித்தான். அந்த வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்று நாடே அறியும். கொரோனா ஊரடங்கு. கம்பெனிகள் இருந்த ஆட்களையே வீட்டுக்கு அனுப்பின. இன்று அவன் சென்னையில் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமக்கிறான். பெட்ரோல், அறை வாடகை, சாப்பாடு போக மாதம் நாலாயிரம் அனுப்புகிறான். தகப்பனுக்குப் பிடித்தம் போகக் கைக்கு வருவது பதினாலாயிரம். தாய் களையெடுக்கவும் நாற்று நடவும் போகிறார். நூறு நாள் வேலைக்கும் போனார். 2025-26-ல் தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கொடுத்து, முழுக் கூலியும் கொடுத்தால்கூட 33,600 ரூபாய். நாலரை மாதத் தவணைக்குக்கூட அது காணாது!

தாய் கழுத்திலிருந்த சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. பாங்குத் தவணை கட்ட மகளிர் குழுக் கடன். குழுக் கடன் கட்டக் கந்துவட்டி. இப்படி இதுவரை 1 லட்சத்து 30 ஆயிரம் கட்டியிருக்கிறார்கள். போன வாரம் வந்த வக்கீல் நோட்டீசைத் தோழர் என்னிடம் காட்டினார். பாக்கி 6 லட்சத்து 80 ஆயிரம்!

பணம் எங்கே போயிற்று?

யோசித்துப் பாருங்கள். அந்த நான்கு லட்சத்தை இந்தக் குடும்பம் கண்ணால் கண்டதா? கையால் தொட்டதா? இல்லை. பாங்கிலிருந்து நேரே கல்லூரிக் கணக்குக்குப் போயிற்று. பணத்தைப் பெற்றவர் கல்லூரி முதலாளி. வட்டியைப் பெறுவது பாங்கு. கடனாளி என்ற பட்டம் மட்டும் தொழிலாளிக்கு!

கல்லூரியில் கட்டடம் எழுந்தது, பஸ்கள் ஓடின, முதலாளி இன்னொரு கல்லூரி கட்டினார். மாணவனுக்கு வேலை கிடைத்ததா என்று அவர் கேட்க வேண்டியதில்லை. அவருக்கு உரியது முன்கூட்டியே வந்துவிட்டது. நஷ்டம் வந்தால் அது தொழிலாளி வீட்டு அடுப்பில்தான் வரும்.

இது தானாக நேர்ந்ததல்ல. 1966-ல் கோத்தாரி கமிஷன் தேச வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று சிபாரிசு செய்தது. 2020-ல் வந்த புதிய கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தைத் திரும்ப எழுதியது. அறுபது வருஷமாக எழுதுகிறார்கள். எந்தச் சர்க்காரும் அதை எட்டவில்லை. 1984 முதல் தமிழ்நாட்டில் இஞ்சினீயரிங் கல்வி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று சுயநிதி இஞ்சினீயரிங் கல்லூரிகள் சுமார் நானூறு. சர்க்கார் இஞ்சினீயரிங் கல்லூரிகளோ விரல் விட்டு எண்ணக் கூடியவை. நன்கொடை வசூலைத் தடுக்க 1992-ல் சட்டம் வந்தது. ரசீதில்லாமல் பணம் வாங்குவது நின்றுவிட்டதா? உங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள்!

கட்டணம் ஏழையின் சக்திக்கு மீறிப் போயிற்று. ஏழை சேராவிட்டால் இத்தனை கல்லூரிகளின் பெஞ்சுகளை யார் நிரப்புவது? அப்பொழுதுதான், 2001-ல், பாங்குகளின் கல்விக் கடன் திட்டம் வந்தது. சர்க்கார் கல்லூரி கட்ட வேண்டிய இடத்தில் தனியார் கல்லூரி. சர்க்கார் கொடுக்க வேண்டிய பணத்துக்குப் பதில் தொழிலாளி தலையில் கடன். கல்லூரி முதலாளிக்குக் கட்டணம் தட்டாமல் வந்து சேரும் ஏற்பாடு இது. இதற்குக் "கல்வி உதவி" என்று பெயர்!

பண்ணையாள் அன்றும் இன்றும்

தஞ்சை ஜில்லா விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தகப்பன் கல்யாணச் செலவுக்கு மிராசுதாரிடம் வாங்கிய நெல்லுக்கும் பணத்துக்கும் மகன் பண்ணையில் உழைத்தான். மகன் செத்தால் பேரன். கணக்குப் புத்தகம் மிராசுதாரிடம். கைநாட்டு மட்டும் பண்ணையாளுடையது. செங்கொடி இயக்கம் அடிபட்டு, உதைபட்டு, ரத்தம் சிந்தியதன் பலனாக 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. கடனுக்காக ஒருவன் தன் உழைப்பை ஆயுளுக்கும் அடகு வைப்பது செல்லாது என்று நாட்டின் சட்டம் சொன்னது.

இன்று என்ன நடக்கிறது? அன்று தகப்பன் கடன் மகனைக் கட்டியது. இன்று மகன் படித்த கடன் தகப்பனைக் கட்டுகிறது. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வெடுக்க வேண்டிய உடம்பு, தவணைக்காக இரட்டை ஷிப்டு பார்க்கிறது. தவணை கட்ட வேண்டுமே என்ற அச்சத்தில் தொழிலாளி மேஸ்திரியின் ஏச்சைப் பொறுத்துக்கொள்கிறான். கூலி உயர்வு கேட்கத் தயங்குகிறான். சங்கக் கூட்டத்துக்கு வராமல் ஒதுங்குகிறான். கடனாளித் தொழிலாளியைவிட அடக்கமான தொழிலாளி முதலாளிக்குக் கிடைப்பானா? மில் கேட்டில் நிர்வாகத்தால் முடியாததை பாங்கு நோட்டீஸ் செய்து முடிக்கிறது!

வாங்கிய கடனைக் கட்ட வேண்டாமா?

"கடன் வாங்கினால் கட்டத்தானே வேண்டும்? விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். நம் தொழிலாளர்களிலும் சிலர் தலை குனிந்து இதையே சொல்கிறார்கள். அவர்கள் நாணயஸ்தர்கள். வாங்கிய கடனைக் கட்டாவிட்டால் இரவு தூக்கம் வராது. அந்த நாணயத்தை மதிக்கிறேன். ஆனால் நாணயம் ஒரு வர்க்கத்துக்கு மட்டும்தானா?

2014-15 முதல் 2023-24 வரை பத்து நிதியாண்டுகளில் பாங்குகள் தங்கள் புத்தகத்திலிருந்து எழுதித் தள்ளிய வராக்கடன் 16 லட்சத்து 35 ஆயிரம் கோடி ரூபாய். நான் கற்பித்துச் சொல்லவில்லை. 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் கொடுத்த கணக்கு. இதில் 9 லட்சம் கோடிக்கு மேல் பெரிய தொழில்களும் சேவைத் துறைக் கம்பெனிகளும் வைத்த பாக்கி! "எழுதித் தள்ளுவது தள்ளுபடி ஆகாது, வசூல் தொடரும்" என்று அமைச்சர் விளக்குகிறார். நல்லது. அந்த வசூலுக்காக எந்தப் பெருமுதலாளி வீட்டு வாசலில் இரவு ஒன்பது மணிக்கு மோட்டார் சைக்கிள் நின்றது? எந்த முதலாளியின் மனைவி விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தார்?

2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். அதனால் வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வரி வருமானம் போகும் என்று சர்க்காரே மதிப்பிட்டது. அப்பொழுது "விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்ற பழமொழி இந்தக் கனவான்களின் நாவில் வரவில்லை!

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஸ்டேட் பாங்கு, வராத கல்விக் கடன் 847 கோடி ரூபாயை ரிலையன்ஸ் குழுமத்தின் வசூல் கம்பெனிக்கு 381 கோடிக்கு, அதாவது 45 சதவீத விலைக்கு விற்றதாக 2016-ல் பத்திரிகைகளில் கணக்கு வெளிவந்தது. அம்பானிக்கு நூறு ரூபாய்க் கடனை நாற்பத்தைந்து ரூபாய்க்குக் கொடுக்க முடிகிறதென்றால், அதே சலுகையைக் கடனாளிக்கே கொடுத்தால் என்ன? கொத்தனார் மகனுக்குக் கொடுத்தால் பாங்கு முழுகிப் போய்விடுமா? அவ்வருஷம் ஜூலையில் மதுரையில், கடன் வசூல் ஏஜெண்டுகளின் நெருக்குதலுக்கு ஆளான தொழிலாளி வீட்டு இளைஞர் ஒருவர், இஞ்சினீயரிங் படித்தவர், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் விட்டுப்போன கேள்விக்கு இன்றுவரை பதிலில்லை.

1969 ஜூலை 19-ல் 14 பெரிய பாங்குகள் தேச உடைமையாயின. நாம் வரவேற்றோம். ஜனங்களின் பணம் ஜனங்களுக்குப் பயன்படும் என்று நம்பினோம். இன்று பல பாங்குகளில் கார் வாங்குகிறவருக்கு உள்ள வட்டியைவிடப் படிக்கிற பிள்ளைக்கு வட்டி அதிகம்!

சர்க்கார்கள் என்ன செய்தன?

மத்திய சர்க்கார் 2024 நவம்பரில் பிரதம மந்திரி வித்யாலட்சுமி என்ற புதிய திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நாட்டிலுள்ள 860 முதல் தரக் கல்வி நிறுவனங்களில் இடம் பெற்றவருக்கு அது பொருந்தும் என்று அப்பொழுது அறிவித்தார்கள். நம் தொழிலாளியின் மகன் படிப்பது தாலுகா ஊரின் எல்லையில் உள்ள கல்லூரியில்! பட்டியலில் இடம் பெற்ற கல்லூரியில் சேர்கிற வசதி எவருக்கு உண்டோ, அவருக்கே சலுகையும். பழைய கடனில் மூழ்கியிருப்பவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

தமிழ்நாட்டில் 2021 தேர்தலில் தி.மு.க. அறிக்கை கல்விக் கடன் தள்ளுபடியை வாக்களித்தது. ஆட்சிக்கு வந்து மூன்றாண்டு கழிந்த பின்னும் அறிக்கையில் அச்சான எழுத்து பாங்குக் கணக்கில் வரவாகவில்லை. கூட்டணி வேறு, கோரிக்கை வேறு. தோழமைக்காகத் தொழிலாளியின் கடனை மறந்துவிட முடியாது.

மனமிருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2017-ல் கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி சர்க்கார், கல்விக் கடன் கட்ட முடியாத குடும்பங்களுக்குத் தவணையில் ஒரு பங்கைத் தானே ஏற்க 900 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. தமிழ்நாட்டிலேயே 2021-ல், சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடமும், அவர்களுடைய கட்டணத்தைச் சர்க்காரே ஏற்பதும் வந்தது. அந்தப் பிள்ளைகள் கடன் பத்திரத்தில் கையெழுத்திடாமலே கல்லூரிக்குப் போகிறார்கள். நூற்றில் ஏழரைப் பேருக்கு முடிந்தது, மற்ற ஏழைப் பிள்ளைகளுக்கு ஏன் முடியாது?

நம் தவறு

இங்கே என் தவறையும் சொல்ல வேண்டும். 2016-ல் அந்தத் தோழருக்கு மானேஜர் கடன் மறுத்தபோது, பாங்கு வாசலில் கொடி பிடித்து நின்றவர்களில் நானும் ஒருவன். "ஏழை மாணவனுக்குக் கல்விக் கடன் கொடு!" என்று கோஷமிட்டோம். மூன்றாம் நாள் கடன் கிடைத்தது. வெற்றி என்று டீ குடித்துக் கலைந்தோம். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கவில்லை. வட்டி மானியத்துக்கு மனுப் போட வைக்கவில்லை. கல்லூரி ஏன் இவ்வளவு கட்டணம் கேட்கிறது என்று அதன் வாசலில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. கல்வி கேட்டுப் போராட வேண்டியவர்கள் கடன் கேட்டுப் போராடினோம். பாதிப் போராட்டம் நடத்தினோம். மீதிப் பாதியின் சுமையை ஒரு குடும்பம் தனியாகச் சுமக்கிறது. அந்த இருட்டு வீட்டில் உட்கார்ந்தபோது இது எனக்கு உறைத்தது.

என்ன செய்ய வேண்டும்?

முதல் காரியம், வெட்கத்தை விடுங்கள். கடன் கட்ட முடியாமை கிரிமினல் குற்றமல்ல. அதற்காக யாரும் உங்களைச் சிறையில் அடைக்க முடியாது. உயிரை விட வேண்டிய அவமானமும் இதில் இல்லை. மனம் உடைந்த பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அவனோடு பேசுங்கள். எங்களிடம் அழைத்து வாருங்கள்.

இரண்டாவது, உங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, ஊரார் முன் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் பாங்கு 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது. மீறினால் தேதி, நேரம், வண்டி நம்பரைக் குறித்து வையுங்கள். முதலில் பாங்குக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். விவரம் கேட்க 14448 என்ற நம்பர் உண்டு. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மானியம் வரவு வைத்தார்களா என்று கணக்கு விவரத்தை எழுத்து மூலம் கேளுங்கள். வேலையில்லாத காலத்துக்கு இரண்டு மூன்று முறை தவணை அவகாசம் கொடுக்கலாம் என்று பாங்குகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே இருக்கிறது. தவணைக் காலத்தைப் பதினைந்து வருஷம் வரை நீட்டவும் இடமுண்டு. அதைக் கேட்டு மனுக் கொடுங்கள். லோக் அதாலத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். ஆனால் தனியாகப் போய் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடாதீர்கள். சங்கத்திலிருந்து ஒருவரை அழைத்துப் போங்கள். குழுக் கடனும் கந்துவட்டியும் வாங்கிப் பாங்குக் கடனை அடைக்காதீர்கள். பதினொரு சதவீத வட்டியிலிருந்து தப்ப அறுபது சதவீத வட்டியில் விழுவதால் என்ன லாபம்?

மூன்றாவது காரியமே பிரதானம். ஒவ்வொரு மில்லிலும், ஒவ்வொரு கிராமத்திலும் கல்விக் கடனில் சிக்கிய குடும்பங்களின் பட்டியலைச் சங்கக் கிளை எடுக்க வேண்டும். தனியாகப் போனால் மானேஜர் உட்காரச் சொல்ல மாட்டார். ஐம்பது குடும்பம் சேர்ந்து போனால் எழுந்து நிற்பார். நம் கோரிக்கைகள் இவை:

வருஷ வருமானம் நாலரை லட்சத்துக்குட்பட்ட குடும்பங்களின் கல்விக் கடனை வட்டியோடு தள்ளுபடி செய்!

வேலையில்லாத பட்டதாரியிடம் தவணை கேட்காதே! கூலி வாங்கும் தகப்பனைக் கடன் பத்திரத்திலிருந்து விடுவி!

கல்விக் கடனைத் தனியார் வசூல் கம்பெனிகளுக்கு விற்காதே!

தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுப்படுத்து! ஜில்லாதோறும் சர்க்கார் தொழிற்கல்லூரி கட்டு! கல்விக்கு 6 சதவீதம் ஒதுக்கு!

நான் பத்தாவது வரை படித்தவன். அதற்கு மேல் படிக்க வீட்டில் வழியில்லை. நம் பிள்ளைகளாவது படிக்கட்டும் என்றுதான் நம்மைப் போன்ற ஒவ்வொரு தகப்பனும் தாயும் வயிற்றைக் கட்டுகிறார்கள். பிள்ளையைப் படிக்க வைத்தது தவறு என்று நம் தோழர் அன்றிரவு சொன்னார். அதுதான் என்னை எல்லாவற்றையும்விட வருத்தியது. கூலிக்காரன் தன் பிள்ளையைப் படிக்க வைத்ததற்காக வருந்துவதே ஆளும் வர்க்கம் விரும்புவது. அந்த ஆசை நிறைவேற விடக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டத்துக்கு அவர் வந்தார். வக்கீல் நோட்டீசை எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார். வாசித்து முடித்தபோது கூட்டத்தில் இன்னும் ஆறு பேர் கை தூக்கினார்கள். அவர்கள் வீட்டிலும் அதே நோட்டீஸ். ஒரே மில்லில், பக்கத்துப் பக்கத்து மிஷினில் வேலை செய்கிறவர்கள். ஒருவர் கடன் மற்றவருக்குத் தெரியாமல் இத்தனை நாள் இருந்தார்கள்!

ஏழு பேரின் பெயரையும் எழுதிக்கொண்டோம். உங்கள் மில்லில், உங்கள் ஊரில் எத்தனை பேர்? இந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் போட்டுக் கேளுங்கள்!